லைசர் செதுக்கிய இரண்டாவது லாமெத்

ஜெருசலேமில் எங்கள் பேட்டைச் சுவர்களில் லைசரின் எழுத்தைப் பார்த்தாலே கால் நின்றுவிடும். ஒன்று, யாரோ செத்திருப்பார்கள். இல்லாவிட்டால், உயிரோடிருக்கும் யாரையோ சந்தி சிரிக்க வைத்திருப்பார்கள். மரண அறிவிப்பு, கண்டனச் சுவரொட்டி, இரண்டே காரியத்துக்குத்தான் அந்த எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். அதற்காக லைசரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். பினியேயின் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவர், அவ்வளவுதான்.

அந்த எழுத்துகள் வந்த கதை சாதாரணக் கதை. அச்சகத்தில் முன்பு நல்ல பெரிய மர எழுத்துகள் இருந்தன, கப்பலில் வந்தவை. நகரம் முற்றுகையில் கிடந்த வருடம் கூரையில் ஓட்டை விழுந்தது. மழை புகுந்து எல்லாம் அப்பளமாக நெளிந்துவிட்டன. புதிதாக வரவழைக்கக் கப்பலும் இல்லை, காசும் இல்லை. லைசர் ஜெபக்கூடத்தில் உடைத்துப்போட்ட பெஞ்சுப் பலகையை எடுத்து வந்து தாமே செதுக்க உட்கார்ந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு நேர் உளி. வளைவு வெட்ட அது உதவாது. எனவே வளைவு வரவேண்டிய இடமெல்லாம் மூலையாயிற்று. மெல்லிய கோடுகள் செதுக்கச் செதுக்க உடைந்தன. சனியனே போ என்று அவற்றையும் தடிக்க விட்டார். வேலை முடிந்து பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தோளை விறைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றது.

வேத ஏடு எழுதும் எழுத்தர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்ன ரெப் லைசர், கோடாலியால எழுதினீங்களா?" என்று கேட்டார்கள். எங்கள் பேட்டையில் தாடி வைத்த எல்லோரும் ரெப்தான், கிண்டல் பண்ணும்போதுகூட. ஆனால் தெருவின் அந்தப் பக்கம் நின்று மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது அந்த எழுத்தை மட்டும்தான். ஒரே வருடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

லைசருக்குப் பிடித்த எழுத்து லாமெத், ‘ல்’ ஓசைக்கு உரியது. எபிரேய எழுத்துகளில் வரிக்கு மேலே கழுத்தை நீட்டுவது அது ஒன்றுதான். தலைப்புகளில் அந்தக் கழுத்து மேல்வரியை இடித்துக்கொண்டு பெரிய தொல்லை. லைசர் என்ன செய்தார், கழுத்தைக் குட்டையாக்கி, முழங்கையை மடக்குவதுபோல ஒரே வெட்டில் மடக்கிவிட்டார். இதற்கு அவர் மூன்று பலகை வீணாக்கினார். "எப்படி உட்காருது பார்த்தியா?" என்று மனைவி கீட்டலிடம் காட்டினால், "உட்காரட்டும். நீங்க எழுந்து தண்ணி எடுத்துட்டு வாங்க" என்பாள் அவள்.

அவர்களுக்கு ஒரே பெண், ஹிண்டே. பத்தொன்பது வயது, கையில் வேலை உண்டு, வாயில் அடக்கம் உண்டு, ஆனால் வரன் மட்டும் அமையவில்லை. காரணம் அப்பாவின் எழுத்து. இரண்டு இடத்தில் பேச்சு முற்றி வந்து முறிந்தது. "அந்த மனுஷனோட சம்பந்தமா? நாளைக்கு நம்ம பேரையே சுவத்துல ஏத்துவான்" என்று சொல்லி அனுப்பினார்கள். லைசர் பெயரைப் பார்த்துக் கோர்ப்பவரல்லர் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவதாக வந்த இடம் ஆன்ஷலுடையது. ஆன்ஷல் ரொட்டிக்கடைக்காரர். முற்றத்து அடுப்பில், புளித்த மாவு ஆகாத பஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லா ரொட்டி போடுவார். வருடச் சாப்பாடு பஸ்காவுக்கு முந்தின ஆறு வாரத்தில்தான். பையன் மாத்தெஸ் ஹிண்டேயைக் கீட்டலின் சமையலறையில் அரைமணி நேரம் பார்த்துப் பேசினான். காதுமடல் சிவக்க வெளியே வந்தான். அன்றைக்கே தகப்பன்மார் இருவரும் கைக்குட்டையின் இரண்டு முனையைப் பிடித்து ஒப்புக்கொண்டார்கள். பஸ்கா முடிந்ததும் பீங்கான் தட்டை உடைத்து நிச்சயம் செய்வது என்று பேச்சு.

"பழைய இடங்கள்ல எதுக்கு வேண்டாம்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று லைசர் நேர்மையாகக் கேட்டார்.

ஆன்ஷல் வயிறு குலுங்கச் சிரித்தார். "தெரியும் சம்பந்தி. என் பேர் என்னைக்காவது வந்தா, கழுத்தை மட்டும் கொஞ்சம் அழகாச் செதுக்கிடுங்க. என் பேருல லாமெத் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

அன்றிரவு கீட்டல் தட்டு வாங்கி வைத்தாள். நீலப் பூப்போட்டது. உடைப்பதற்கென்றே வாங்கிய தட்டை இப்படித் துணியில் சுற்றி வைப்பாளா ஒருத்தி? அவள் வைத்தாள்.

பஸ்காவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பினியே வந்து லைசரின் மேசையருகே நின்று கனைத்தார். முதலாளி கனைத்தால் கண்டன வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்டனம் அச்சிடுவதில் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. முன்னாலேயே பெயர் கசிந்தால் சொந்தபந்தம் வந்து கூச்சல் போடும், அச்சகத்துக் கண்ணாடி உடையும். ஆகவே அச்சுக்கோர்ப்பவர் பெயரில்லாமல் எல்லாவற்றையும் கோர்த்து, பெயருக்கு இடம் விட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு முதலாளி தாமே பெயரைச் செருகி, எழுத்துச் சட்டத்தை முடுக்கி, மிஷினில் ஏற்றுவார். கோர்த்தவர் காலையில் சுவரில்தான் பெயரைப் பார்ப்பார். யார் என்று கேட்கக் கூடாது. லைசர் பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"பெயருக்கு எவ்வளவு இடம்?" என்றார் லைசர்.

"நாலு எழுத்து. அதுல ஒண்ணு லாமெத்."

"தலைப்பிலயே ஒரு லாமெத் போயிடுமே. பெரிய அளவுல நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணுதான்."

"அதான் வந்தேன். இன்னொண்ணு வேணும். நாளன்னிக்குள்ள முடியுமா?"

உங்களுக்கு உடனே தோன்றும், இவருக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை என்று. எங்கள் பேட்டையில் பாதி ஆண்கள் பெயர் லாமெத்தில்தான் முடியும். மெண்டல், ஃபைவல், ஹெர்ஷல், யாங்கல். தெருவில் நின்று ஒரு லாமெத்தை எறிந்தால் நாலு பேர் தலையில் பட்டுவிட்டுத்தான் கீழே விழும். லைசருக்குச் சந்தேகம் வரவில்லை. வந்தது சந்தோஷம். முதல் லாமெத்தின் மடக்கில் ஒரு சின்னக் குறை அவரைப் பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதைச் சரிசெய்யலாம்.

இரண்டு நாள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து செதுக்கினார். மரத்தூள் தாடியெல்லாம் ஒட்டியிருக்க, சபாத் ஓய்வுநாள் மேசைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி செதுக்கினார். ஹிண்டே எதிரே உட்கார்ந்து மேசைவிரிப்பில் பூ போட்டுக்கொண்டிருந்தாள், புது வீட்டுக்கு. எழுத்து முடிந்ததும் மகளிடம்தான் முதலில் காட்டினார்.

"நல்லாயிருக்குப்பா" என்றாள் அவள். "கழுத்து ரொம்ப அழகு."

வியாழக்கிழமை காலை ஜெபத்துக்குப் போகும்போது கிணற்று முனையில் கூட்டம். லைசர் ஜெபச் சால்வைப் பையை இடுக்கிக்கொண்டு தொப்பிகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் கண் முதலில் போய் நின்றது புது லாமெத்தில். மை சீராகப் பிடித்திருந்தது. மடக்கு கத்தி மாதிரி விழுந்திருந்தது. "அடடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் லாமெத்துக்கு முன்னாலிருந்த மூன்று எழுத்துகளையும் சேர்த்துப் படித்தார்.

ஆன்ஷல். ஆன்ஷலின் அடுப்பில் மாவு பதினெட்டு நிமிடத்தைத் தாண்டி ஊறுகிறது, அது புளித்த மாவு, அந்த ரொட்டியைத் தின்பவன் பஸ்காவில் புளிப்பைத் தின்பவன், கண்ணுள்ளவர்களே கண்ணீர் விடுங்கள். கீழே, மத விதிகளைக் காக்கும் கண்காணிப்புக் குழுவின் பெயர். லைசருக்குப் பேய் அறைந்ததுபோல ஆயிற்று. கால் இரண்டும் தம் பாட்டுக்கு ஆன்ஷலின் முற்றத்துக்கு ஓடின.

அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாவு பிசையும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரொட்டிக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், முகத்தைப் பார்க்காமல். ஆன்ஷல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, எனக்குத் தெரியாது! சத்தியமா எனக்குத் தெரியாது!"

ஆன்ஷல் கத்தியிருந்தால் தேவலை. அவர் நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னார். "நல்லா வந்திருக்கு லைசர். கழுத்து அழகா வந்திருக்கு."

அவர் மனைவி ஸ்லாட்டே அப்படி இருப்பாளா? உருட்டுக்கட்டையோடு உள்ளேயிருந்து வந்தாள். "தெரியாதாமே! உங்க கை செதுக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாதா? சுவத்துக்கு முன்னால நின்னு ‘அடடா’ன்னு ரசிச்சீங்களாமே! செய்தி உங்களுக்கு முன்னால ஓடி வந்துடுச்சு. என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னுட்டு என் புருஷன் பேரைச் செதுக்கினீங்களே, உங்க கை அழுகிப் போகாதா?"

"நான் பேரைச் செதுக்கலை, ஒரு எழுத்துதான்..."

"ஒரு எழுத்துதானாம்! கேட்டுக்குங்க! வெளியே போங்க!"

மாத்தெஸ் மாவுப் பீப்பாயின் பக்கத்தில் நின்றிருந்தான். லைசர் அவனைப் பார்த்தார். அவன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லைசர் நேரே அச்சகத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளியிடம் குரலை உயர்த்தினார். "உங்களுக்குத் தெரியும். அவர் எனக்குச் சம்பந்தியாகப் போறவர்னு தெரியும். தெரிஞ்சும் என்கிட்டயே லாமெத் கேட்டீங்க!"

பினியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. "சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? செதுக்க மாட்டேன்னிருப்பீங்க. குழுவோட ஆள் அடுத்த அச்சகத்துக்குப் போயிருப்பார். போஸ்டர் அதே நாள் அதே சுவத்துல ஒட்டியிருக்கும். ஆன்ஷலுக்கு என்ன வித்தியாசம்?"

"எனக்கு வித்தியாசம்!"

"உங்களுக்கு வித்தியாசம்தான்" என்று பினியே ஒப்புக்கொண்டார். "ஆனா நீங்க கேட்கவே இல்லையே ரெப் லைசர்."

 லைசர் மறுப்புச் சுவரொட்டி போட அந்தப் பெரிய எழுத்துகளை ஒரு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டார். செதுக்கியது அவர் கை, ஆனால் பெட்டி அச்சகத்துடையது. மதகுருவான ரபி ஒருவராவது கையெழுத்திட்டால் தருகிறேன் என்றார் பினியே. லைசர் ஆறு ரபிகளின் கதவைத் தட்டினார். பஸ்காவுக்கு முன்னால் புளிப்பு விஷயத்தில் எந்த ரபி கையெழுத்துப் போடுவார்? "ஐயோ பாவம்" என்றார்கள் ஆறு பேரும். ஒருவர் தேநீர்கூடக் கொடுத்தார்.

தாமே புதிதாகச் செதுக்கலாம் என்று பலகையை எடுத்தார். ஓர் எழுத்துக்கு இரண்டு நாள். மறுப்புத் தலைப்புக்கே பதினெட்டு எழுத்து வேண்டும். பஸ்காவுக்கு மீதி இருந்ததோ பதினெட்டு நாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உளியைக் கீழே வைத்தார்.

கடைசியில் புத்தகத்துக்குப் போடும் பொடி எழுத்தில் இருநூறு சீட்டுகள் அடித்தார். ஆன்ஷல் நேர்மையான மனிதர், பதினெட்டு நிமிடம் தாண்டியதில்லை, எனக்குத் தெரியும், கீழே தம் பெயர். ஒவ்வொரு கண்டனத்துக்கும் அடியில் ஒரு சீட்டு ஒட்டினார். மூக்கைச் சுவரில் வைத்தால்தான் படிக்க முடியும். "ரெப் லைசர், இது என்ன, மருந்துச் சீட்டா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் படிக்காமலே போனார்.

அடுத்த நாள் பட்டப்பகலில் கிணற்று முனைக் கண்டனத்தைக் கிழிக்கவே போய்விட்டார். பசை கல்லாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு கீற்றுத்தான் வந்தது. மேல்மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஒட்டறதும் நீங்களே, கிழிக்கறதும் நீங்களேவா? கிழிக்க எவ்வளவு வாங்கினீங்க?" தெருவே நின்று பார்த்தது. கிழிந்த கீற்று தலைப்பிலிருந்து வந்திருந்தது. பெயர் அப்படியே இருந்தது.

பஸ்காவுக்கு ஒரு வாரம் முன் கல்யாணத் தரகர் வந்து நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கைக்குட்டை ஒப்பந்தத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். கீட்டல் உள்ளே போய்த் துணியைப் பிரித்துத் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள். அந்த பஸ்காவில் அதில்தான் கிழங்கு வைத்தாள்.

ஹிண்டே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் முன்னால் அழவில்லை. லைசர்தான் தாங்காமல் அவளருகே போய் உட்கார்ந்தார்.

"ஹிண்டேலே, அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா கையை வெட்டிக்கிட்டிருப்பேன்மா."

"தெரியும்பா." அவள் விரிப்பிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள், பூ பூவாக. "எனக்கு ஒண்ணுதான் மறக்க மாட்டேங்குது. செதுக்கும்போது நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க. நானும் கூடவே பாடினேன்."

 லைசர் மரத்தூள் இன்னும் போகாத ஜன்னல் விளிம்பைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஸ்கா முடிந்து ஒரு மாதம் கழித்துக் கண்காணிப்புக் குழுவின் ஃபைவல் ஒரு தாளோடு அச்சகத்துக்கு வந்தார். விசாரித்ததில் தவறு தெரிந்துவிட்டதாம். ஆன்ஷலின் முற்றத்தில் மாவு பிசைய இரண்டு மேசை. கண்காணிக்கப் போன ஆள் முதல் மேசையில் தண்ணீர் ஊற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது மேசை மாவு அடுப்புக்குப் போனதைப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்லியிருக்கிறார். ஆன்ஷல்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை அறிவித்துவிட வேண்டும்.

லைசர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். "பெரிய எழுத்துல போடறேன். பெயரை முதல் வரியிலயே போடறேன். லாமெத் இருக்கு, ரெண்டும் இருக்கு."

ஃபைவல் பதறிவிட்டார். "ஐயையோ, பெரிய எழுத்தா? ரெப் லைசர், இதுல தப்புப் பண்ணினது குழு. குழுவோட தப்பை இவ்வளவு பெரிசாப் போட்டா அடுத்த தடவை எங்களை எவன் நம்புவான்? பொடி எழுத்துல, கால் தாள் போதும்."

"கண்டனம் முழுத் தாள்ல வந்துதே!"

"அது கண்டனம். இது திருத்தம். உலகத்துல எங்கயாவது திருத்தத்தைப் பெரிசாப் போடுவாங்களா?"

பினியே தலையாட்டினார், வழக்கம் அதுதான் என்று. லைசர் ஃபைவலின் கோட்டைப் பிடித்துக் கெஞ்சினார். என் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், காகிதத்துக்கு நான் தருகிறேன் என்றார். ஃபைவல் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். கால் தாளில் பொடி எழுத்தில் திருத்தம் வந்தது. இரண்டே நாளில் அதன்மேல் ஒரு மரண அறிவிப்பு ஒட்டப்பட்டது.

ஆன்ஷல் அடுத்த வருடம் அடுப்பை அணைத்தார். ஊரின் மறுகோடிக்குக் குடிபோய்ச் சபாத் மெழுகுவத்தியும் விளக்குத்திரியும் விற்றார். மாத்தெஸுக்கு வேறு ஊரில் பெண் கிடைத்தது. ஹிண்டேக்கு இரண்டு வருடம் கழித்துத் திபேரியாவில் ஒரு மனைவியிழந்தவர் கிடைத்தார், மூன்று குழந்தைகளோடு. நல்லவர்தான். கடிதத்தில் அவள் அவரைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை, வேறொன்றும் எழுதவில்லை. லைசர் அதே அச்சகத்தில் அதே மேசையில் இருந்தார். வேறெங்கே போவார்? ஒன்று மட்டும் மாறியது. கண்டன வேலை வந்தால் யார் என்று கேட்க ஆரம்பித்தார். பினியே சொல்ல மாட்டார். இவர் கேட்பார், அவர் சொல்ல மாட்டார், பிறகு இவர் கோர்ப்பார்.

பதினோரு வருடம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குள் ஒருவர் வந்தார். கோட்டின் மார்பு கிழிந்திருந்தது. பெற்றவர் போனால் கிழிப்பார்களே, அந்தக் கிழிசல். தாடிக்குப் பின்னால் இருந்தது மாத்தெஸ்.

"அப்பா விடியற்காலையில போயிட்டார்" என்றான். "ஒரு மணிக்கு எடுக்கறோம். சாயங்காலம் சபாத் பிறக்கறதுக்கு முன்னால முடிக்கணும். மத்த அச்சகமெல்லாம் பூட்டியிருக்கு, இல்லேன்னா உங்ககிட்ட வந்திருக்க மாட்டேன்."

லைசர் எழுந்து பெரிய எழுத்துப் பெட்டியை இழுத்தார்.  அந்தப் பெயரை ஒரு குற்றமும் பக்கத்தில் இல்லாமல், கறுப்புக் கட்டத்துக்குள், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்கிற மாதிரி போடப் போகிறோம் என்று லாமெத்தைத் தேடித் துழாவினார். பதினோரு வருடம் இதற்கா காத்திருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"வேண்டாம் ரெப் லைசர்." மாத்தெஸ் பெட்டியின்மேல் கையை வைத்தான். "அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனார். என் பேரை அந்த எழுத்துல போடாதேன்னார்."

"பொடி எழுத்துல போட்டா யாரும் பார்க்க மாட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமை வேற. அவனவன் மீனும் கோழியுமா ஓடிக்கிட்டிருப்பான். அப்பாவை வழியனுப்ப ஆள் வேண்டாமா?"

"தெரியும். ஆனா அப்பா வார்த்தை. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

 லைசர் பெட்டியை உள்ளே தள்ளினார். பொடி எழுத்தில் கோர்த்து முப்பது தாள் அடித்து, பசைவாளியைத் தாமே தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

கிணற்று முனையில் ஒட்டிவிட்டுப் பார்த்தார். பக்கத்தில் யாரோ ஒரு தொப்பிக் கடைக்காரருக்கு எதிரான கண்டனம், அவருடைய எழுத்தில், ஆளுயரத்துக்கு நின்றது. போகிறவர்கள் அதைப் படித்தார்கள், நாக்கைச் சப்புக்கொட்டினார்கள், போனார்கள். ஆன்ஷலின் தாளை ஒருவரும் பார்க்கவில்லை. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று.

லைசர் தாளுக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்ல ஆரம்பித்தார். "ரெப் ஆன்ஷல் போயிட்டார்! ஒரு மணிக்கு எடுக்கறாங்க! வாங்க!"

மீன்கூடைக்காரர் ஒருவர் நின்றார். "எந்த ஆன்ஷல்? கசாப்புக்கடை ஆன்ஷலா?"

"இல்ல, ரொட்டிக்கடை."

"ரொட்டிக்கடைல ஆன்ஷல்னு யாரு? நம்ம பேட்டையில அப்படி யாருமில்லையே."

"முன்னால இருந்தார். அப்புறம் விளக்குத்திரி வித்தார். நல்ல மனுஷர். வயிறு குலுங்கச் சிரிப்பார்."

"தெரியலையே ரெப் லைசர். நேரமாச்சு." அவர் கூடையை மாற்றிப் பிடித்தார்.

இப்படியே பத்துப் பேர், பதினைந்து பேர். எந்த ஆன்ஷல், எந்த ஆன்ஷல் என்று எல்லோரும் கேட்டார்கள். லைசர் ஆன்ஷலைப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஜெபக்கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டே காலைக் காட்டியது. மலைமேல் கல்லறைக்கு நடந்தே போகவேண்டும். அங்கே அந்தப் பிள்ளை தனியாக நின்றுகொண்டிருப்பான்.

மீன்கூடைக்காரர் திரும்பி வரும்போதும் லைசர் அங்கேயே நின்றிருந்தார். லைசர் போய் மீன்கூடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லக் கூடாததுதான் வாயில் வந்தது.

"அந்தக் காலத்துல கண்டனத்துல வந்தாரே. பதினெட்டு நிமிஷம். அந்த ஆன்ஷல்."

"ஓ!" மீன்கூடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "மாவை ஊற விட்டவரா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அடப் பாவமே, போயிட்டாரா!"

"அவர் ஊற விடலை. அது பொய். குழுவே அப்புறம் திருத்தம்..."

ஆனால் அவர் கேட்க நிற்கவில்லை. எதிர்க்கடை வாசலைப் பார்த்துக் கூவினார். "ஏய் மெண்டல், மாவு ஊற விட்ட ஆன்ஷல் போயிட்டாராம்!" மெண்டல் உள்ளே திரும்பிச் சொன்னார். மேல்மாடி ஜன்னல் திறந்தது. "எந்த ஆன்ஷல்?" "கண்டனத்து ஆன்ஷல்! பெரிய லாமெத் போட்டிருந்துதே!" "ஐயோ அவரா, நல்லா ஞாபகமிருக்கே!" தெரு தெருவாகச் செய்தி ஓடியது. லைசர் பின்னாலேயே ஓடி, "பொய், அது பொய்" என்று சொல்லிப் பார்த்தார். "சரி சரி, செத்துட்டார், இனிமே என்ன" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மலைக் கல்லறையில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குழிக்குள் இறக்கியாயிற்று. மாத்தெஸ் மூன்று மண்வெட்டி மண் தள்ளிவிட்டு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற லைசரிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். மாப்பிள்ளைப் பையனாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது சிவந்த மாதிரி, காதுமடல் சிவந்திருந்தது.

"இவ்வளவு பேர் வருவாங்கன்னு நினைக்கலை ரெப் லைசர். பொடி எழுத்தாயிருந்தும் படிச்சிருக்காங்க பாருங்க. அப்பாவை யாரும் மறக்கலை."

லைசர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். 

துக்கம் கைமாறிவிடக் கூடாதென்று எங்கள் வழக்கத்தில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. மாத்தெஸ் அதைத் தரையில் போட்டான். லைசர் குனிந்து எடுத்தார்.